வலிக்காத கால்

கொட்டச்சேட்டுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு காப்பி எஸ்டேட்டில் கருப்பண்ணன் தபால்காரராக இருந்தார். சர்க்கார் தபால்காரர் என்று நினைத்துவிடக் கூடாது. காக்கி உடுப்பு கிடையாது, சைக்கிள் கிடையாது. காலையில் எஸ்டேட் கணக்கு எழுதுகிற ரைட்டர் அங்கப்பன் கொடுக்கிற தோல்பையை மாட்டிக்கொண்டு ஏற்காட்டுத் தபாலாபீசுக்கு நடப்பார். எஸ்டேட்டுக்கு வந்திருக்கிற கடிதங்களை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு திரும்பி நடப்பார். இருபத்திரண்டு வருஷமாக இதுதான் வேலை. பஸ் ஓடாமல் இல்லை. பஸ்ஸுக்காகக் காத்து நிற்கிறவர்களைப் பார்த்தால் கருப்பண்ணனுக்கு மனசார இரக்கமாக இருக்கும். பஸ் வளைவு வளைவாகச் சுற்றிப் போய்ச் சேருவதற்குள் அவர் காப்பிக் காட்டுக்குள் புகுந்து, ஓடையைத் தாண்டி, தபாலாபீஸ் வாசலில் வெற்றிலை போட்டு முடித்திருப்பார். அப்படித்தான் அவர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

தன் கால்களைப் பற்றி அவருக்கிருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல. முள் குத்தினால் நின்று பிடுங்குகிற வழக்கம் இல்லை. வீட்டுக்கு வந்து சாவகாசமாகப் பிடுங்கிக்கொள்வார். யாராவது கால் வலி என்று முனகினால் அவர்களை மேலும் கீழும் பார்ப்பார். அந்தப் பார்வையிலேயே பாதிப்பேர் வலியை மறைத்துக்கொண்டு நேராக நடப்பார்கள்.

இப்படிப்பட்ட மனிதருக்கு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பதாம் வருஷம் சர்க்கரை வியாதி வந்தது. எஸ்டேட் கம்பவுண்டர் நீல மருந்தில் எட்டுச் சொட்டுச் சிறுநீரை விட்டுக் காய்ச்சினார். மருந்து பச்சை, மஞ்சள் எல்லாவற்றையும் தாண்டிப்போய்ச் செங்கல் நிறத்தில் நின்றது. காலையில் ஒரு மாத்திரை, இனிப்பே ஆகாது என்றார். மாத்திரையைக் கருப்பண்ணன் ஞாபகம் வந்த நாளெல்லாம் போட்டார். இனிப்பையும் விட்டார், வீட்டில். வழியில்தான் சிக்கல். கடிதம் கொண்டு வருகிற ஆளை வெறும் வாயோடு அனுப்புவது தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கிற லைன் வீடுகளில் வழக்கமில்லை. ஒரு கடிதத்துக்கு ஒரு வெல்லக் காப்பி. பேரன் பிறந்த செய்தி என்றால் காப்பியோடு இரண்டு வாழைப்பழம். வீட்டில் இனிப்பைத் தொடுவதே இல்லை என்று கம்பவுண்டரிடம் அவர் செய்த சத்தியம் பொய்யும் இல்லை.

மகள் செல்வி கல்யாணமாகி ஆத்தூர்ப் பக்கம் போய்விட்டாள். வீட்டில் அவரும் மனைவி சென்னம்மாளும்தான். சென்னம்மாள் அதே எஸ்டேட்டில் பழம் பறிக்கவும் களை வெட்டவும் போனாள். கணவர் சொல்வதை நம்புகிற பழக்கம் அவளுக்கு இருந்தது. ஒரு நாள் அவர் ஒற்றைச் செருப்போடு வீடு வந்து, பஸ் ஸ்டாண்டில் ஒரு நாய் இன்னொரு செருப்பைக் கவ்விக்கொண்டு போய்விட்டது என்று சொன்னபோதும் நம்பினாள். நாயைத்தான் திட்டினாள்.

எண்பத்தாறாம் வருஷம் சித்திரையில், கோடை மழை பெய்த மறுநாள், குறுக்குப் பாதையில் இறங்கும்போது ஒரு சில்வர் ஓக் மரத்து வேரில் கருப்பண்ணனின் வலது கால் மாட்டியது. கணுக்கால் மடங்கி, ஆள் பையோடு உட்கார்ந்தார். மளுக்கென்று ஒரு சத்தம் கேட்டது. அவர் ஒரு பாறையில் ஏறி உட்கார்ந்து வலி வருவதற்காகக் காத்திருந்தார். வெற்றிலை போட்டார். வெற்றிலை முடிந்தது, வலி வரவில்லை. எழுந்து நடந்து பார்த்தார், நடக்க முடிந்தது. சேர்வராயன் சாமியே கீழே கை கொடுத்துத் தாங்கியிருக்கிறது என்று அந்த இடத்திலேயே முடிவு கட்டிவிட்டார்.

சாயங்காலம் கணுக்கால் வீங்கிச் சிவந்திருந்தது. தொட்டால் சுட்டது. சென்னம்மாள் பதறிப்போய், வலிக்கிறதா என்று கேட்டாள். வலித்தால் சொல்ல மாட்டேனா என்றார். மறுநாளும் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினார், அதற்கு மறுநாளும். இருபது நாள் இப்படியே போனது. மலைமேல் திருவிழா வந்தது. காலைக் காப்பாற்றிக் கொடுத்த சாமிக்கு நன்றி சொல்ல வேண்டாமா? அதே காலால், அதுவும் செருப்பில்லாமல், உச்சிவரை ஏறி, குகைக்குள் குனிந்து போய்க் கும்பிட்டுவிட்டு இறங்கினார். சாமியும்தான் என்ன செய்யும், பாவம். வலியைக் கொடுத்து ஆளை உட்கார வைப்பதுதான் அதற்குத் தெரிந்த வழி. இந்த ஆளிடம் அது பலிக்கவில்லை.

இறங்கி வந்த மறுநாள் வீக்கம் ஆடுசதை வரை ஏறியிருந்தது. சாயங்காலம் சென்னம்மாள் கல்லுப்பை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுக்க உட்கார்ந்தாள். ஒத்தடத்துக்கு ஒரு முறை உண்டு. கொடுக்கிறவர் முதலில் தன் புறங்கையில் வைத்துப் பார்ப்பார். அதற்குப் பிறகு வாங்கிக்கொள்கிறவர் வாய்தான் அளவு. அவர் போதும் என்கிறவரை சூடு கூட்டலாம். கருப்பண்ணன் போதும் என்று சொல்லவில்லை. ஆறின இட்லியை வைத்தமாதிரி இருக்கிறது என்றார். அவள் மறுபடி வறுத்தாள். அவள் கைக்கு எல்லாமே சூடுதான் என்று கேலி செய்தார். கேலி செய்த பிறகு அவள் புறங்கையில் வைத்துப் பார்ப்பதை நிறுத்திவிட்டாள்.

"உப்புக்கெல்லாம் இந்தக் காலு கேக்காது புள்ள. செங்கல்லு வெய்யி" என்றார்.

அவள் செங்கல்லை அடுப்பில் போட்டுச் சுட்டு, சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து வைத்தாள். அவர் அதன்மேல் காலை நீட்டிக்கொண்டு, பக்கத்து வீட்டு மரியதாஸிடம் திருவிழாக் கூட்டத்தைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். சூடு போதுமா என்று சென்னம்மாள் மூன்று தடவை கேட்டாள். மூன்று தடவையும் அவர் கையை ஆட்டிவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தார். மரியதாஸ்தான் மூக்கைச் சுருக்கி, அடுப்பில் எதுவோ கருகுகிறதே என்றார். சென்னம்மாள் ஓடிப்போய்ப் பார்த்தாள். அடுப்பில் ஒன்றும் இல்லை. திரும்பி வந்து அவர் காலைத் தூக்கினாள். உள்ளங்காலின் தோல் சாக்கோடு ஒட்டிக்கொண்டு வந்தது.

கருப்பண்ணன் குனிந்து பார்த்து, "அட" என்றார். முகத்தில் ஒரு சுளிப்புக்கூட இல்லை. அந்த முகத்தைப் பார்த்த பிறகுதான் சென்னம்மாள் ரைட்டர் வீட்டுக்கு ஜீப் கேட்டு ஓடினாள்.

மறுநாள் காலை எஸ்டேட் ஜீப்பில் ஏற்காட்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அங்கே இருந்தது ஒரு பெண் டாக்டர். காயத்தைப் பார்த்தார், வீக்கத்தைப் பார்த்தார், அப்புறம் ஒரு குண்டூசியை எடுத்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொள்ளும்படியும் குத்தும்போதெல்லாம் சொல்லும்படியும் சொன்னார். கருப்பண்ணன் இதில் தோற்கப்போகிற ஆள் இல்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு "இப்ப" என்றார். கொஞ்சம் விட்டு "இப்ப". மறுபடியும் "இப்பங்க". ஒரே சீராக, நம்பிக்கையாகச் சொல்லிக்கொண்டே போனார். டாக்டர் குண்டூசியை மேசையில் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றதைச் சென்னம்மாள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கண்ணைத் திறந்ததும் டாக்டர், செருப்புக் கழன்று விழுந்தது தெரியாமல் எப்போதாவது நடந்து வந்ததுண்டா என்று கேட்டார். கருப்பண்ணன் சுவரில் இருந்த காலண்டரை ரொம்ப அக்கறையாகப் பார்த்தார்.

"ஏனுங்க, அந்த நாயி என்ன நெறமுங்க?" என்றாள் சென்னம்மாள்.

"வெள்ளெ" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "வெள்ளெயுங் கருப்பும்" என்றார்.

சேலத்துக்கு இறங்கிப்போய் எக்ஸ்ரே எடுத்து வந்தார்கள். டாக்டர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். சர்க்கரை பல வருஷமாகக் கால் நரம்பை அரித்திருக்கிறது. அதனால் சூடும் தெரியவில்லை, வலியும் தெரியவில்லை. கணுக்கால் மூட்டில் எலும்புகள் இடம் மாறியிருக்கின்றன, ஒன்று நொறுங்க ஆரம்பித்திருக்கிறது, இருபது நாளாக வைத்த ஒவ்வொரு அடியும் அதை அரைத்திருக்கிறது. தீப்புண் ஆறினதும் மாவுக்கட்டுப் போட வேண்டும். மூன்று மாதம் அந்தக் கால் தரையில் படவே கூடாது. பட்டால் மூட்டு உடைந்து போகும், புண் வைக்கும், கடைசியில் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டி வரும்.

"வலி இருந்திருந்தா அன்னிக்கே உக்காந்திருப்பீங்க. இனிமே எதுன்னாலும் உங்க காலைக் கேக்காதீங்க. அதுக்கு ஒண்ணும் தெரியாது" என்றார் டாக்டர்.

இருபத்திரண்டு வருஷம் மலையை அளந்த காலைப் பார்த்து ஒன்றும் தெரியாது என்று சொன்னது கருப்பண்ணனுக்குப் பொறுக்கவில்லை. காலை எடுப்பார்கள் என்றதைக் காட்டிலும் அதுதான் அன்றைக்கு அவரைச் சுட்டது.

ஒரு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். மாத்திரையை நிறுத்தி ஊசி ஆரம்பித்தார்கள். நர்ஸ் ஜெயமேரி சென்னம்மாளுக்கு ஊசி போடக் கற்றுக்கொடுத்தார். முதலில் ஓர் ஆரஞ்சுப் பழத்தில் குத்திப் பழகச் சொன்னார். சென்னம்மாள் அந்தப் பழத்தைக் குத்திய வேகத்தைப் பார்த்த கருப்பண்ணனுக்கு, நாய் விஷயத்தை அவள் இன்னும் மறக்கவில்லை என்று பட்டது. புண் ஆறியது. ஆனி கடைசியில் முழங்கால் வரை மாவுக்கட்டோடு வீட்டுக்கு வந்து, மூலையில் போட்ட கட்டிலில் ஏறினார்.

தபால் பையை அதுவரை ஆள் மாற்றி ஆள் தூக்கிக்கொண்டிருந்தார்கள். கடிதங்கள் ஒரு நாள் வந்தன, ஒரு நாள் வரவில்லை. சென்னம்மாள் ரைட்டரிடம் போய், அவர் எழுந்து நடக்கிறவரை தானே போய்வருகிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டாள். குறுக்குப் பாதையெல்லாம் அவளுக்குத் தெரியாது. பஸ்ஸில் போனாள். முதல் வாரம் வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்தாள். இரண்டாவது வாரம் கண்டக்டர் அவளுக்காக முன்சீட்டுப் பிடித்து வைத்தார். நாலு மணிக்கு வந்துகொண்டிருந்த தபால் இரண்டு மணிக்கே வந்தது. யார் வீட்டிலும் உட்கார்ந்து காப்பி குடிக்க அவளுக்கு நேரமில்லை. தபாலைப் பார்த்துச் சந்தோஷப்பட்டவர்கள் அதைக் கருப்பண்ணனிடமே வந்து சொன்னார்கள், அவரும் சந்தோஷப்படுவார் என்று நினைத்து.

சென்னம்மாளின் கவலை வேறு. காலை ஏழு மணிக்கு அவள் போனால் மத்தியானம் தாண்டித்தான் வருவாள். காலையில் மரியதாஸ் தோள் கொடுத்து வெளியே கூட்டிப்போய் வருவார். அதன்பின் சோறு, தண்ணீர், ஒன்றுக்குப் போக ஒரு தகர டப்பா எல்லாம் கட்டில் பக்கத்தில் இருக்கும். லைனில் மற்ற எல்லோரும் வேலைக்குப் போய்விடுவார்கள். இன்னொருத்தருக்கு என்றால் வலியே காவல் இருக்கும், காலை ஊன்றினால் உயிர் போகும். இவருக்கு அந்தக் காவலும் கிடையாது. அவசரம் என்றால் உட்கார்ந்தபடியே தரையில் நகர்ந்து போகலாமே என்று அவள் சொல்லிப் பார்த்தாள். நாற்பத்தெட்டு வயசில் தன்னைத் தவழச் சொல்கிறாள் என்று அவர் அன்று பூராவும் பேசவில்லை.

யோசித்து யோசித்து அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். காலையில் பையை எடுப்பதற்கு முன்னால், கட்டிலைச் சுற்றி ஒரு சுவரிலிருந்து மறு சுவர் வரைக்கும் நெருக்கமாகக் கோலம் போட்டாள். கட்டிலை விட்டு இறங்கினால் கோலத்தை மிதிக்காமல் ஓர் அடி வைக்க முடியாது. கருப்பண்ணனுக்கு விஷயம் உடனே புரிந்தது. எஸ்டேட் வாசல் கேட்டுக்குக் காவல் போட்டிருக்கிறார்கள், எனக்கு மாவில் கேட் போட்டிருக்கிறாள் என்று மரியதாஸிடம் புலம்பினார். வீட்டுக்குள் எதற்குக் கோலம் என்று கேட்ட பெண்களிடம் சென்னம்மாள் ஏதோ வேண்டுதல் என்று சொல்லிவைத்தாள். அதிலிருந்து ஒரு வம்பு. ஒரு கிழவி தினமும் வேலைக்குப் போகிற வழியில் வந்து கோலத்துக்கு முன்னால் நின்று கட்டிலைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு போனாள். ஒரு நாள் செம்பருத்திப் பூக்கூட வைத்துவிட்டுப் போனாள்.

மூன்று வாரம் அவர் அடங்கித்தான் இருந்தார். ஆடி பிறந்து சாரல் பிடித்தது. ஒரு நாள் மரியதாஸ் பேச்சுவாக்கில், இந்தம்மாவையே தபாலுக்கு நிரந்தரமாகப் போட்டுவிடலாம் என்று ரைட்டர் சொன்னதாகச் சொன்னார். அது கருப்பண்ணன் மனசுக்குள் புழுவாகக் குடைந்தது. மறுநாள் சென்னம்மாள் போனதும் இறங்கினார். கட்டிலிலிருந்து வாசல் எட்டு அடி. போனார், வந்தார். வலிக்கவே இல்லை. டாக்டர்களுக்கு என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டார். அப்புறம் கோலத்தைப் பார்த்தார். பாதி அழிந்து கிடந்தது.

கோலமாவு டப்பா சுவர் மாடத்தில், கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் மாவை விரலில் அள்ளினார். புள்ளிக் கோலம்தான். புள்ளியை எண்ணி, மிச்சம் இருந்த பாதியைப் பார்த்து இழுத்தார். ஒருவழியாக வந்துவிட்டது. ஒரு மணி நேரம் பிடித்தது. இரண்டு மணிக்குச் சென்னம்மாள் வந்து பார்த்தாள், சந்தேகப்படாமல் அடுப்பு மூட்டப் போனாள். கருப்பண்ணனுக்கு ஒரே குஷி. அடுத்த நாளும் நடந்தார், அதற்கடுத்த நாளும். நடையைக் காட்டிலும் கோலம் நன்றாக வர ஆரம்பித்தது. இழை மெலிந்தது, வளைவு ஒழுங்குப்பட்டது. நாலாம் நாள் அவர் போட்டது அவள் போட்டதைவிட அழகு என்று அவருக்கே தோன்றியது, ஆனால் யாரிடம் போய்ச் சொல்ல?

ஐந்தாம் நாள் ஆடி வெள்ளி. அன்றைக்கு அவள் குத்துவிளக்குக் கோலம் போட்டிருந்தாள். எப்போதும் போல வாசல் பக்கம் குனிந்து நின்று போட்டது. அவரும் எப்போதும் போல நடந்துவிட்டு வந்து, கட்டிலில் உட்கார்ந்து, முழுக்க அழிந்துபோன விளக்கை ஞாபகத்திலிருந்து திரும்பப் போட்டார். தண்டு, ஐந்து முகம், சுடர் எல்லாம் அச்சாக வந்தது. முடித்துவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு படுத்தார்.

சென்னம்மாள் இரண்டு மணிக்கு வந்தாள். வாசலில் நின்றவள் நின்றபடியே தரையைப் பார்த்தாள். விளக்கின் தண்டு மேலேயும் சுடர் கீழேயும் இருந்தது. கட்டிலிலிருந்து பார்த்தால்தான் அது நேராக நிற்கிற விளக்கு.

கருப்பண்ணனுக்குக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது. திட்டப்போகிறாள் என்று முகத்தைத் தயாராக வைத்துக்கொண்டார். அவள் திட்டவில்லை. பையைத் தோளிலிருந்து கழற்றாமல் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"எத்தனை நாளா நடக்கறீங்க?"

அவர் மாவு ஒட்டிய விரலை வேட்டியில் துடைத்தார்.

"செங்கல்லெச் சுட்டு வெச்சது என்ற கையிங்க. எப்பவும் கையில வெச்சுப் பாக்கறவ, அன்னைக்குப் பாக்கலீங்க. நாளைக்கு இந்தக் கால எடுத்துட்டாங்கன்னா அத நான்தானுங்க எடுத்தேன். நீங்க ஒண்ணும் சொல்ல மாட்டீங்க. நான் எப்புடீங்க உங்க மூஞ்சியில முழிப்பேன்?"

சொல்லிவிட்டு அழுதாள். இரண்டு மாதத்துக்கு மேலாக அவள் கட்டில் பக்கம் நிற்காமல் ஒதுங்கிப் போனதையும், ஊசி போடும்போது முகத்தைப் பாராமல் போட்டதையும், கோபம் என்றுதான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார். அவள் பாட்டுக்கு இப்படி ஒரு பாரத்தைச் சுமந்துகொண்டு பஸ் ஏறி இறங்கியிருக்கிறாள் என்று தெரிந்தபோது அவருக்கு வெட்கமாக இருந்தது. செங்கல் சுட்ட அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டிய ஒன்று அவரிடம் இருந்தது. அதைச் சொல்ல இப்போதும் அவருக்குத் தைரியம் வரவில்லை.

மறுநாள் காலை அவள் சாணி கரைத்து, விளக்கு இருந்த இடம் தெரியாமல் தரை முழுக்க மெழுகினாள். கோலம் போடவில்லை. இனிப் போடப்போவதும் இல்லை, உங்கள் கால், உங்கள் பாடு என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மெழுகுவதற்காக நகர்த்தி வைத்த தண்ணீர்ச் சொம்பைத் திரும்பக் கட்டில் பக்கத்தில் வைக்க மறந்துபோனாள்.

ஒன்பது மணிக்குக் கருப்பண்ணனுக்குத் தாகம் எடுத்தது. சர்க்கரைக்காரர் தாகம் சும்மா விடுகிற தாகம் இல்லை. பத்து மணிக்கு நாக்கு அண்ணத்தில் ஒட்டியது. சொம்பு சமையல் மூலையில், தண்ணீர்ப் பானை பக்கத்தில் இருந்தது. ஆறு அடி. தரையில் கோலம் இல்லை, லைனில் ஆள் இல்லை. ஊன்றினால் வலிக்கப்போவதும் இல்லை. மாவுக்கட்டில் ஈரச் சாணம் ஒட்டினாலும் துணியால் துடைத்துவிடலாம். அவர் வலது காலை மெல்லக் கீழே இறக்கினார். தரைக்கு ஒரு சாண் இருக்கும்போது நிறுத்தினார். அப்படியே கொஞ்ச நேரம் அந்தரத்தில் பிடித்துக்கொண்டிருந்தார். அந்தக் காலை ஊன்றினால் காலுக்கு ஒன்றும் தெரியாது. பஸ்ஸில் முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டு போகிறாளே, அவளுக்குத்தான் எல்லா வலியும்.

காலை மேலே தூக்கிக்கொண்டார். இரண்டு கையையும் கட்டில் சட்டத்தில் ஊன்றி, புட்டத்தைத் தரையில் இறக்கினார். மாவுக்கட்டுக் காலை முன்னால் நீட்டித் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கையை ஊன்றி ஒரு நகர்த்தல், கையை ஊன்றி ஒரு நகர்த்தல். ஆறு அடி போக இத்தனை நேரம் ஆகும் என்று அவர் நினைக்கவில்லை. பாதி வழியில் மூச்சு வாங்க உட்கார்ந்தபோது, மறந்துபோன மண்வெட்டியை எடுக்க லைனுக்கு வந்த மூன்று பெண்கள் வாசலோடு போனார்கள். கதவு விரியத் திறந்திருந்தது.

"ஏனுங்கண்ணா, என்னத்தெத் தேடறீங்க?" என்று ஒருத்தி கேட்டாள்.

"தரெ காஞ்சிருச்சான்னு பாக்கறேன்" என்றார் கருப்பண்ணன், முடிந்தவரை கம்பீரமாக.

அவர்கள் கொஞ்ச தூரம் போய்ச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எஸ்டேட் பூராவும் சுற்றிவரச் சாயங்காலம்கூட ஆகாது என்று அவருக்குத் தெரியும். பானையை அடைந்து இரண்டு சொம்பு தண்ணீர் குடித்தார். வந்த வழியே திரும்பி நகர்ந்து கட்டிலைப் பிடித்து ஏறினார்.

கார்த்திகை மாதம்வரை நீண்ட அந்த வைத்தியத்தில் இதற்குப் பிறகு ஒரு தடவைகூட அவர் காலை ஊன்றவில்லை. கட்டைப் பிரித்து எக்ஸ்ரே எடுத்தபோது மூட்டுக் கொஞ்சம் கோணலாகச் சேர்ந்திருந்தது, ஆனால் சேர்ந்திருந்தது. கால் தங்கியது. பை சென்னம்மாளிடமே தங்கிவிட்டது. அவர் ஆபீசில் உட்கார்ந்து கடிதங்களைப் பிரித்து அடுக்கினார். இதெல்லாம் பின்னால் நடந்தது.

அந்தச் சனிக்கிழமை இரண்டு மணிக்குச் சென்னம்மாள் வந்தபோது, முதலில் சமையல் மூலையில் இருந்த சொம்பைத்தான் பார்த்தாள். அதைக் கட்டில் பக்கத்தில் வைக்க மறந்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது. அப்புறம் தரையைப் பார்த்தாள். ஈர மெழுகில் கட்டிலிலிருந்து பானை வரைக்கும் அகலமாக ஒரு தேய்ப்பு. அதன் இரண்டு பக்கமும் வரிசையாகக் கைத்தடம். அவள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, அந்தத் தடத்தோடு கூடவே ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை நகர்ந்து பார்த்தாள். எங்கேயும் ஒரு குதிகால் குழி இல்லை. ஒரு விரல் பட்ட இடம்கூட இல்லை.

கட்டிலுக்கு வந்து நிமிர்ந்தாள். அவர் வேட்டியின் பின்பக்கம் முழுக்கச் சாணம். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.

"செங்கல்லு உன்ற தப்பில்லெ புள்ள" என்றார், சுவரைப் பார்த்துக்கொண்டே. "அந்தக் காலு மரத்துப்போயி ரெண்டு வருசமாச்சு. எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் சூடு பத்தலேன்னு சொன்னேன். அது உனக்குத் தெரியக் கூடாதுன்னுதான் உன்னெக் கேலி பண்ணேன்."

சென்னம்மாள் பையைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். பிறகு சொம்பை நிரப்பிக் கொண்டுவந்து அவர் தலைமாட்டில் வைத்தாள். வேறு வேட்டி எடுத்துக் கொடுத்தாள். அவர் முதுகுப் பக்கத்தைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

"அந்தத் தரெயெ மொதல்ல மொழுகித் தொலெயேன். வர்றவங்க பாக்கறாங்க" என்றார் கருப்பண்ணன்.

"பாக்கட்டுமுங்க" என்றாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை வரை அவள் அந்தத் தரையை மெழுகவில்லை.